முப்பத்து மூன்று நாள் கரண்டு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தாங்களும் தங்கையும் சுகம் என்று நம்புகிறேன். தங்கள் இடது பக்கத்துப் பல்வலி இன்னும் போகவில்லை, எல்லாவற்றையும் குழைத்துத்தான் சாப்பிடுகிறீர்கள் என்று தங்கை சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இங்கே நான் முக்கால் பாகம் சுகம். மீதிக் கால் பாகம் மெதுவாக வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தொண்டை ஆறும்வரை அதிகம் பேசக் கூடாது என்பதால் கடிதம். பேசலாம் என்றாலும் ஃபோனில் நம் இருவரில் தாங்கள்தான் பேசுவீர்கள் என்பதாலும் கடிதம். தாங்கள் மெனக்கெட்டு என்னைப் பார்க்க வர வேண்டாம். வைத்தியத்தின்போது தாங்கள் செய்த உதவிக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது குரல்வளையில் ஆரம்ப நிலைக் கேன்சர். டாக்டர் நல்லவர், ஆனால் அவருக்கு ஒரு ஆளுக்கு நாலு நிமிடம்தான். அதில் மூன்று நிமிடம் கம்ப்யூட்டரைப் பார்த்தும் ஒரு நிமிடம் என் மகளைப் பார்த்தும் பேசினார். தொண்டை என்னுடையது. கையெழுத்துப் போடும்போது மட்டும் என் பக்கம் திரும்பினார். ஆறு பக்கப் படிவம், முழுக்க இங்கிலீஷ். வெளியே வந்து பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன், என்ன செய்வார்கள் என்று. "கரண்டு வைப்பாங்க" என்றார். மாப்பிள்ளை, நான் முப்பத்தைந்து வருடமாக எலக்ட்ரீஷியன். உடம்பில் கரண்டு ஏறாமல் பார்த்துக்கொண்டதால்தான் இன்னும் இருக்கிறேன். இப்போது படுக்கவைத்து ஏற்றப்போகிறார்கள். எத்தனை வோல்ட், எர்த் எங்கே கொடுப்பீர்கள் என்று நர்ஸிடம் கேட்டேன். அவர் என் சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் தங்கள் உதவி வந்தது. கரண்டு என்றால் கதிர் சிகிச்சை, அந்தக் கதிர் உடம்பிலேயே தங்கிவிடும், தனித் தட்டு, தனி அறை, முக்கியமாகப் பேத்தியைத் தொடவே கூடாது என்று ஃபோனில் முக்கால் மணி நேரம் விளக்கினீர்கள். தங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய சகலைக்கு அப்படி ஆனதாம். பெரிய பதவியில் இருந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, வயர்ச் சுருளும் சுவிட்ச் போர்டும் கிடக்கிற அறைக்குக் குடிபோனேன். என் மனைவி சாப்பாட்டை வாசலில் வைத்து, காலால் உள்ளே தள்ளினாள். நாலு வயசுப் பேத்தி வாசற்படியில் நின்றுகொண்டு, "தாத்தா, எப்ப உன்மேல இருந்து கரண்டு போகும்?" என்று தினமும் கேட்டாள். தினமும் நாளைக்கு என்றேன்.

ஆஸ்பத்திரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுபது பேருக்குப் பன்னிரண்டு நாற்காலி, ஒரே மெஷின். பக்கத்து அறையில் இன்னொரு மெஷின் புத்தம் புதுசா, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி நிக்குது. வயர் எல்லாம் இழுத்தாச்சு, நானே எட்டிப் பார்த்தேன். திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதருக்குத் தேதி கிடைக்கலையாம். எங்க தொண்டைக்கும் மார்புக்கும் வயித்துக்கும் அது தெரியுமா? அதுபாட்டுக்கு வளருது. ஒன்பதாம் நாளோடு வராமல் நின்ற ஒரு தையற்காரம்மாவை நான் திரும்பப் பார்க்கவே இல்லை. அவர் வீட்டிலும் தங்களைப் போல் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருந்தாராம்.

நானும் பதினோராம் நாள் நிறுத்திவிடுவதாக இருந்தேன். எச்சில் விழுங்கினால் கண்ணாடித் தூள், குரல் சுத்தமாகப் போய்விட்டது, பக்கத்தில் பேத்தியும் இல்லை. அப்புறம் எதுக்கு இந்தப் பொழப்பு? முகத்துக்கு வலை மாதிரி ஒரு முகமூடி போட்டு மேஜையோடு அழுத்திப் பூட்டுவார்கள். அதைப் பொருத்துகிற டெக்னீஷியன் பெண்ணிடம், இன்றோடு போதும் என்று காற்றுக் குரலில் சொன்னேன். ஏன் என்றார். சொன்னேன். ஏன் தினமும் சுவரோரமாகத் தனியாக நிற்கிறேன் என்பதும் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"சார், நீங்க எலக்ட்ரீஷியன்தானே? ஸ்விட்சை ஆஃப் பண்ணா ரூம்ல வெளிச்சம் மிச்சம் இருக்குமா?"

இருக்காது என்று தலையாட்டினேன்.

"இது அதுதான். வெளியில இருந்து அடிக்கிற வெளிச்சம். மெஷின் நின்னா அதுவும் நின்னுடும், உங்க உடம்புல ஒண்ணும் தங்காது. சில பேருக்குக் கதிர் மருந்தை உள்ளேயே வைப்பாங்க, அது பேட்டரி மாதிரி. அவங்கதான் கொஞ்ச நாள் ஒதுங்கி இருக்கணும். உங்களுக்கு அது இல்லை. வாய் வழியா ஆபரேஷன் பண்றதும் ஒரு வழி. குரல் நல்லா நிக்கட்டும்னுதான் டாக்டர் இதை எழுதியிருக்கார். நடுவுல நிறுத்தினா இவ்வளவு நாள் பட்டது வீண், சார்."

இதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஆனது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் முதல் நாளே ஏன் கிடைக்கலை? கேட்டதற்கு, விளக்கிச் சொல்ல ஆள் போடவில்லை, தான் சொல்லிக்கொண்டிருந்தால் வரிசை தன்னைத் திட்டும் என்றார். வெளியே வரிசை உண்மையிலேயே திட்டிக்கொண்டுதான் இருந்தது. அந்தத் திட்டை எனக்காக வாங்கிக்கொண்டாரே, அவருக்கு என் உயிருள்ள வரை நன்றி.

வீட்டுக்கு வந்து கூடத்திலேயே உட்கார்ந்தேன். மனைவி தட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பேத்தி நம்பவில்லை. என் அறைக்குள் போய்ப் பையைக் கவிழ்த்து, கரண்டு இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டரை எடுத்து வந்தாள். நான் செய்வதைப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது, டெஸ்டரின் தலையில் கட்டைவிரலை அழுத்தி, முனையை என் முழங்கையில் வைத்தாள். காதில் வைத்தாள். மூக்கில் வைத்தாள்.

"லைட்டு எரியலை. தூக்கு."

தூக்கினேன், மாப்பிள்ளை. மீதி இருபத்திரண்டு நாளும் ஒரு நாள்கூட விடாமல் போனேன். ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தவுடன் சோதனை நடந்தது.

ஆகவே தங்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை. அக்கறையில்தான் சொன்னீர்கள். எனக்கு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர்களை விட்டு ஒதுங்கி இருந்த அந்தப் பதினோரு நாளில்தான் தெரிந்தது, அதற்கும் தங்களுக்கே நன்றி. மறுபடியும் சொல்கிறேன், தாங்கள் வர வேண்டாம். தாங்களும் தங்கையும் பல்லாண்டு நலமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தாங்கள் 'ஃபியூஸ் மச்சான்' என்று கேலி செய்யும், இன்னும் ஃபியூஸ் போகாத மச்சான்.

பின்குறிப்பு: வர வேண்டாம் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அது பல்வலி இல்லை, மூணு மாசமா வாயில ஆறாத புண்ணுன்னு தங்கச்சி அழுதுட்டா. உங்களுக்கு ஆஸ்பத்திரின்னா பயம், அதனாலதான் என்னையும் பயமுறுத்தினீங்கன்னும் சொன்னா. நன்றி சொல்லவா இவ்வளவு நீளம் எழுதுவேன்? திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்க பேர்ல டோக்கன் போட்டாச்சு. ஒண்ணுமில்லாத புண்ணா இருந்தா சிரிச்சுட்டு வீட்டுக்குப் போகலாம். வேற ஏதாவது இருந்தா, பன்னிரண்டு நாற்காலியில ஒண்ணை நான் பிடிச்சு வைக்கிறேன். பேத்தி டெஸ்டரோட வாசல்ல நிப்பா. நீங்க வரலைன்னா நானே ஃபோன் பண்ணி முக்கால் மணி நேரம் பேசுவேன். பேசக் கூடாதுன்னு எழுதினது பொய். குரல் வந்துடுச்சு, மாப்பிள்ளை.