கண்ணன் பாதம் அழியும் வரை

மாத்தூருக்குக் குடிபோவது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் முடிவுகளையெல்லாம் நான்தான் செய்வேன். செய்த முடிவுகளை என்ன செய்வது என்பதை மட்டும் என் மனைவி குணசுந்தரி பார்த்துக்கொள்வாள்.

நாங்கள் இருப்பது ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்து. கடல் பக்கமிருந்து காற்றடித்தால் கருவாடு. மறுபக்கமிருந்து அடித்தால் ரயில் புகை. காற்றே இல்லாத நாளில் இரண்டும். மாத்தூரில் அப்படியில்லை. ஏரி உண்டு, வயல் உண்டு, ஓட்டு வீடு ஒன்று காலியாகவும் உண்டு. போய்ப் பார்த்து, வருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். ஒரு பசு வாங்குவதாக உத்தேசம். யமுனா என்று பெயர்கூட வைத்தாயிற்று. பசுதான் பாக்கி.

கோகுலாஷ்டமிக்கு முந்தின நாள், குணசுந்தரி சீடை பொரித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தை எடுத்தேன்.

"பண்டிகை முடிஞ்சதும் மூட்டை கட்றோம் குணா. மாத்தூருக்கு."

"அங்க இன்னா கீது?"

"ஏரி கீது, மாடு கீது. கிருஷ்ணன் வளர்ந்த எடம் மாரியே கீது."

"கிருஷ்ணன் பொறந்தது ஜெயில்லய்யா. அத்தப் பாத்தா ராயபுரம் ஒண்ணும் மோசமில்ல."

தினமும் பத்திரிகை படிக்கிறவன் நான். விடுவேனா?

"பொறந்த ராத்திரியே வசுதேவரு இன்னா பண்ணாரு? புள்ளையக் கூடையில வெச்சி, ஆத்தத் தாண்டி, வூடு மாத்தலியா? பண்டிகையோட அர்த்தமே அதான்டி. நல்ல எடமாப் பாத்து மாறிக்கணும்."

"பொறந்தப்பறம்தானேய்யா மாத்தினாரு? பொறக்கறதுக்கு முன்னாடி மாத்தலியே?"

இது என்ன நியாயமோ எனக்கு விளங்கவில்லை. பதில் கிடைக்காமல் உளறுகிறாள் என்று முடிவு கட்டி, வெற்றிக்கு அடையாளமாக ஒரு சீடையை எடுத்தேன். கையில் அடி விழுந்தது. நைவேத்தியம் ஆகவில்லையாம். வெண்ணெய் திருடினவனுக்குப் பண்டிகை கொண்டாடுகிறார்கள்; சீடை எடுத்தவனுக்கு அடி.

என் பிழைப்பைச் சொல்லவில்லையே. துறைமுகத்துக்கு எதிரே அப்துல் வஹாப் பாயின் கடையில், கப்பலுக்கும் படகுக்கும் அடிக்கிற பெயிண்ட்டைப் பேசி விற்பது என் வேலை. பேச்சு இதுதான்: "அண்ணே, இந்த வெள்ளை உப்புத் தண்ணிக்கே அசையாது. ஒரு கோட் அடிச்சா பத்து வருஷம். ரெண்டு கோட் அடிச்சா உங்க புள்ளை காலம் வரைக்கும்." சொல்லிச் சொல்லி, இப்போது தூக்கத்திலும் சொல்கிறேனாம். பக்கத்தில் படுக்கிறவளுக்கு மனப்பாடம்.

பண்டிகையன்று காலையில் குணசுந்தரி திடீரென்று வழிக்கு வந்தாள்.

"சரிய்யா, மாத்தூரு போலாம். ஆனா எங்க காட்டுப்பள்ளியில ஒரு வழக்கம் கீது. கிருஷ்ணன் பாதம் வூட்டுக்குள்ள வந்துட்டா, அது தானா அழியற வரைக்கும் வூட்டக் காலி பண்ணக் கூடாது. தொடைக்கக் கூடாது, கையால தொடவும் கூடாது."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அரிசி மாவில் போடுகிற பாதம் எத்தனை நாளைக்கு? ராயபுரத்து எறும்புகளை எனக்குத் தெரியும்.

"அவ்ளோதானே? அழிஞ்ச அன்னிக்கே வண்டி."

"அழியறதுக்கு முன்னாடி பேச்சே எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தேன். அடுத்த வீட்டு வியாகுலம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. "நான் சாட்சி நைனா" என்றாள். ஒரு பண்டிகைக்குச் சாட்சி எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

வெண்ணெய்க்கும் நாவல்பழத்துக்கும் என்னை வண்ணாரப்பேட்டைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தபோது பாதங்கள் வந்திருந்தன. கைமுட்டியைத் தோய்த்துப் பக்கவாட்டில் பதித்தால் உள்ளங்கால். விரல் நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் கால்விரல்கள். வாசற்படியிலிருந்து பூஜை மாடம் வரை, சிவப்புச் சிமெண்ட் தரையில் ஒரு குழந்தை தத்தித் தத்தி உள்ளே போனது போல அழகாகப் பதித்திருந்தாள்.

"ஈரம் காயல. தாண்டி வா."

அவள் கையில் மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. ஸ்டவ் பற்றவைத்திருப்பாள் என்று நினைத்தேன். வேறு வாசனை ஏதும் எனக்குத் தெரியவில்லை. பெயிண்ட் கடைக்காரன் மூக்குக்கு உலகமே ஒரே வாசனைதான்.

மறுநாள் சாயங்காலம் ஆசையோடு வந்து பார்த்தேன். பாதங்கள் அழியவில்லை. அதுமட்டுமல்ல, முதல் நாளைவிட வெளுத்திருந்தன.

எறும்புகள் என்ன செய்கின்றன? கூப்பிட வேண்டுமோ என்று பாதங்களின் மேல் யாருக்கும் தெரியாமல் சர்க்கரை தூவினேன். வந்தன. சர்க்கரையைத் தின்றன. பாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, கும்பிடாத குறையாகத் திரும்பிப் போயின. அடுத்து, கால் தடுக்கியது போல் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினேன். வீடு குளமாயிற்று. பாதங்கள் தண்ணீருக்கடியில் பளபளத்தன.

"கொட்ணவனே தொடைச்சிடு" என்று துணியைக் கொடுத்தாள் குணசுந்தரி. "பாதத்த வுட்டுட்டுத் தொடை."

பாதம் பாதமாகச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஞானம் பிறந்தது. எறும்பு அரிக்கவில்லை, தண்ணீர் கரைக்கவில்லை. நேற்றைவிட இன்று வெளுத்திருக்கிறது. இது மாவில்லை, மகிமை! கிருஷ்ண பரமாத்மாவே இந்த வீட்டை விட்டுப் போகாதே என்று தடுக்கிறார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஈரத்திலேயே விழுந்து கும்பிட்டேன். மாத்தூருக்கு ஆள் அனுப்பி, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

காலையில் கடைக்குப் போனதும் பாயிடம் உடம்பு சிலிர்க்கச் சிலிர்க்கச் சொன்னேன். அவர் கல்லாவில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அட நைனா! நீ மாத்தூரு வூடு பாக்கப் போனியே, அன்னிக்கு உன் வூட்டம்மா உன்னத் தேடிகினு வந்துச்சு. நீ போன விசயத்தச் சொன்னேன். கேட்டுட்டு நம்ம வெள்ளையில ஒரு சின்ன டப்பா வாங்கிகினு போச்சு. 'நல்லா நிக்குமான்னு உன் வூட்டுக்காரனைக் கேட்டியாம்மா'ன்னேன். 'தெனம் ராத்திரி சொல்றாரு பாய்'னுச்சு!"

ஓடினேன். வீட்டில் குணசுந்தரி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வியாகுலம்மாள்.

"அது பெயிண்ட்டாடி?"

"மாவுன்னு நான் எப்பய்யா சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

"மாத்தூரு புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்றதுதானே?"

"சொன்னேனே. வசுதேவரு பொறந்தப்பறம்தான் வூடு மாத்தினாருன்னு."

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

வியாகுலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "மாதாவே! இந்த மனுசனுக்குப் போயி சூசகமா சொன்னியாம்மா? நைனா, ரெண்டு வாட்டி தங்காம போச்சே, ஞாபகம் கீதா? இந்த வாட்டி நல்லாத் தங்கிக்கிச்சி. வண்டி குலுக்கல் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிகிறாங்க. மாத்தூர்ல வலி எடுத்தா யாரைக் கூப்புடுவே, மாட்டையா? இங்கன்னா ஒரு கொரல் குடுத்தா நான் வரேன்."

நான் குணசுந்தரி பக்கம் திரும்பினேன்.

"என்னாண்ட ஏன்டி சொல்லல?"

குணசுந்தரி தலை நிமிராமல் சொன்னாள்: "முன்ன ரெண்டு வாட்டியும் கடைக்கு வந்த படகுக்காரங்க அத்தினி பேர்ட்டயும் சொல்லிட்டே. அப்பறம் அவங்க ஒவ்வொருத்தரா வந்து விசாரிச்சப்ப, நீ கடையில ஒரு மூலையில போயி நின்னுகினு இருந்தியாமே. பாய் சொன்னாரு. அதான், கொஞ்ச நாள் போவட்டும்னு இருந்தேன்."

நான் தரையைப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற பாதங்கள். எல்லாம் உள்நோக்கியே வந்துகொண்டிருந்தன.

ஒரு பாதத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பொண்ணாப் பொறந்தா யமுனான்னு பேர் வெப்போம்."

"மாட்டுக்கு வெச்ச பேரா?"

"மாடுதான் இன்னும் வரலியே. சரி, பொறந்தப்பறம் வசுதேவரு மாரி நாமளும் மாறலாமில்ல?"

"தாராளமா. பாதம் அழிஞ்சதும்."

"பத்து வருஷம் ஆவுமேடி!" என்றேன். பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன். பத்து வருஷம் ஓடிவிடும். மாத்தூர் ஏரி எங்கே போய்விடப் போகிறது? "நல்லவேள, ஒரு கோட்தானே அடிச்சே?"

"ரெண்டு" என்றாள் குணசுந்தரி.