கைரேகை பொருந்தவில்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் குழாய் வார்க்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. காலை ஷிஃப்ட் நேரத்தில் அதன் கேட்டுப் பக்கம் வந்தால் ஏதோ கும்பாபிஷேகம் நடக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். கற்பூர வாசனை, சாமந்தி மாலை, தேங்காய் உடைபடும் சத்தம், பெட்ரோல் பங்க் வரைக்கும் வரிசை. எந்தச் சாமி என்று எட்டிப் பார்த்தால், சுவரில் மாட்டிய வருகைப்பதிவு மெஷின். அதற்கு மாலை போட்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார் ரேகைச்சித்தர்.

மெஷின் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கண்ணாடியில் விரலை வைத்தால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் பேசும். விரல் பிடித்துப்போனால் ‘நன்றி’ என்று சொல்லும். பிடிக்காவிட்டால், ‘கைரேகை பொருந்தவில்லை.’

தகராறு அந்த இரண்டு வார்த்தையில்தான் ஆரம்பித்தது. ‘விரல் சரியா தெரியலம்மா’ என்று அந்தக் குரல் சொல்லியிருந்தால் ஜனங்கள் விரலைக் கழுவிக்கொண்டு மறுபடி வைத்திருப்பார்கள். கைரேகை என்றால் நம் ஆட்களுக்கு ஜோசியம். பொருந்தவில்லை என்றால் கல்யாணம் நின்றுபோகிற சமாச்சாரம். இரண்டையும் சேர்த்து, அதுவும் படித்த பெண் குரலில் ஒரு மெஷின் சொன்னால் யார்தான் மறுபடி விரலை வைப்பார்கள்? மெஷின் விரலை எடுக்காதவர்களுக்கு அன்றைக்குச் சம்பளமும் கிடையாது என்பது வேறு.

டைம் ஆபீஸ் மோகன்ராஜ் சும்மா இருக்கவில்லை. பட்டம் வாங்கினவர், பொறுப்பான ஆள். மெஷினை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினால் இந்தியில் பாட்டு வந்தது. பாட்டு முடிந்ததும் உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றது, பிறகு மறுபடியும் அதே பாட்டு. சாயங்காலம் அவர் போனுக்கு ஒரு செய்தி வந்தது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று. யார் வந்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று கேட்க அந்தச் செய்திக்குப் பதில் அனுப்பவும் வழியில்லை.

ஆளை யாரும் பார்த்ததில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. மெஷினுக்கான சந்தா மட்டும் மாசாமாசம் தவறாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கடவுளுக்கு உண்டான லட்சணம் எல்லாமே அந்தக் கம்பெனிக்கு இருந்தது, ஒரு பூசாரிதான் குறைச்சல். அந்தக் குறையைத் தீர்க்க ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்தார் ரேகைச்சித்தர்.

அவருடைய வைத்தியம் சுருக்கமானது. ஆளைக் கண்ணை மூடச் சொல்வார். வரிசையில் நிற்பவர்களும் மூட வேண்டும், திறந்தால் திரும்பி வருகிற ரேகை மிரண்டு ஓடிவிடும். பிறகு கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. ‘வை தாயி’ என்பார். வைத்தால் ‘நன்றி.’ கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், தட்டில் நோட்டு விழும். மோகன்ராஜே முதல் ஆளாக நோட்டு வைத்தார்.

இதையெல்லாம் ஜோதிலட்சுமி ஒரு மாதமாகத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய்க்கு மணல் அச்சு போடுகிற வேலை அவளுக்கு. கை சொரசொரப்பாகத்தான் இருக்கும். மெஷின் அவளை ஒருநாள் ஏற்றுக்கொள்ளும், ஒருநாள் விரட்டும். அவளுக்குச் சித்தர் மேல் சந்தேகம் ஒன்றும் கிடையாது, தட்டில் காசு போட மனசு வரவில்லை, அவ்வளவுதான். அவள் கையிலிருந்து காசு வாங்குவதை விட மணலிலிருந்து எண்ணெய் எடுப்பது சுலபம் என்று தோழிகள் கேலி செய்வார்கள்.

ஆனால் ஒருநாள் காண்ட்ராக்டர் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெஷின் எடுக்காத கைகளுக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை கிடையாது. வேறு வழியில்லாமல் ஜோதிலட்சுமி சித்தரிடம் கையை நீட்டினாள். அவர் உள்ளங்கையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“ஆயுள் ரேகையே அழிஞ்சு கிடக்கு தாயி. மெஷின் என்ன, எமன் வந்தாலும் இதைப் படிக்க முடியாது. சாதாரணப் பரிகாரம் தாங்காது. பொன்னு வைக்கணும்.”

இதைக் கேட்டு அவளை விட அதிகமாக ஆடிப்போனவன் அவள் புருஷன் அப்பாவு. அப்பாவுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கேட்டுக்கு எதிரே ரோசம்மாள் நாஷ்டா கடை பெஞ்சில் உட்கார்ந்து நாட்டையே குறுக்கு விசாரணை செய்கிறவன் அவன். மந்திரி அடிக்கல் நாட்டினாரே, கல் எங்கே என்பான். தங்கம் ஏன் ஏறுகிறது, ஏற்றுகிறவன் யார் என்பான். எல்லாருக்கும் மாசம் முப்பது நாள், ரீசார்ஜ் போடுகிறவனுக்கு மட்டும் ஏன் இருபத்தெட்டு என்று போன் கம்பெனியை வறுத்தெடுப்பான். பேப்பரில் தேதியைக்கூட இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் நம்புவான். அப்படிப்பட்டவன், ஆரணிக்காரன் வாயிலிருந்து வந்ததை மட்டும் ஒரு கேள்வி கேட்காமல் அப்படியே முழுங்கிவிட்டான்.

அன்று சாயங்காலம் அவனே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நடக்காதது. ஜோதிலட்சுமிக்குச் சித்தர் சொன்னபோதுகூட வராத சாவு பயம் அப்போதுதான் வந்தது. தாங்க முடியாமல், வெள்ளிக்கிழமை கம்மலைக் கழற்றித் தருவதாக ஒப்புக்கொண்டாள்.

சீட்டு கட்டி வாங்கின கம்மல். அவளுக்கென்று இருந்த ஒரே தங்கம் அதுதான். வெள்ளிக்கிழமை காலையில் காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு, கம்மலைத் தட்டில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது.

“கண்ணை மூடு தாயி. எல்லாரும் மூடுங்க,” என்றார் சித்தர்.

எல்லாரும் மூடினார்கள். ஜோதிலட்சுமியும் மூடினாள், ஒரு கண்ணை. இன்னொன்று மூட மாட்டேன் என்றது. தட்டில் தங்கம் இருக்கும்போது எந்தப் பெண்பிள்ளைக்கு இரண்டு கண்ணும் மூடும்? பக்தி குறைந்துபோய்த் திறந்த கண் இல்லை அது. கம்மலுக்குக் காவலாகத் திறந்த கண். ஆனால் திறந்த கண்ணுக்கு எதிரே நடப்பது எல்லாமே தெரியுமே.

சித்தர் இடுப்பிலிருந்து ஒரு துணியை உருவினார். மெஷின் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். துணியை மறைத்தார். முணுமுணுத்தார். “வை தாயி.”

“நன்றி,” என்றது மெஷின்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எதிர்க்கடையிலிருந்து அப்பாவு கும்பிட்டான். சித்தர் கிண்ணத்தில் இருந்த மஞ்சள் தைலத்தைத் தொட்டு, மெஷினுக்குத் திருஷ்டி கழிப்பதாகச் சொல்லி ஒரு பொட்டு வைத்தார். பொட்டு சரியாகக் கண்ணாடி மேல் விழுந்தது.

அடுத்து நந்தினி வந்தாள். புதிதாகச் சேர்ந்த ட்ரெய்னிப் பெண், மெஷின் ஒருநாளும் அவளை விரட்டியதில்லை. பொட்டு மேலேயே விரலை வைத்தாள். கைரேகை பொருந்தவில்லை என்றது. நந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்குமா என்று சித்தர் பெருமூச்சு விட்டார்.

ஜோதிலட்சுமி நகரவில்லை.

“சாமி, என் ரேகை வந்துடுச்சில்ல?”

“வந்துடுச்சு தாயி. இனிமே நூறு வருஷத்துக்கு அழியாது.”

“அப்ப இன்னொரு வாட்டி வெச்சிப் பாக்கறேன்,” என்று அவர் துணியைத் தேடுவதற்கு முன்னால் விரலை வைத்தாள்.

“கைரேகை பொருந்தவில்லை.”

“இன்னா சாமி, நூறு வருஷம் அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சித்தர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்தானையை இழுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். நந்தினியின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். நன்றி. தைலத்தைத் தொட்டுத் தானே ஒரு பொட்டு வைத்தாள். மறுபடியும் நந்தினி விரல். பொருந்தவில்லை. துடைத்தாள். நன்றி. மந்திரம் இல்லை, கற்பூரம் இல்லை, தட்டில் நோட்டும் இல்லை. மோகன்ராஜ் நம்ப முடியாமல் தானே வந்து துடைத்து வைத்துப் பார்த்தார். பட்டம் வாங்கினவர் என்று மெஷின் அவருக்குத் தனி மரியாதை எதுவும் செய்யவில்லை, அதே நன்றிதான்.

பொம்பளை முந்தானை பட்டு மெஷினுக்குத் தீட்டாகிவிட்டது என்று சித்தர் கடைசியாக ஒரு போடு போட்டார்.

“தீட்டானதுதான் வாய் நெறைய நன்றி சொல்லுதா?” என்றாள் ஜோதிலட்சுமி.

அதற்குள் அப்பாவு டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கப் போனான். ஜோதிலட்சுமி குறுக்கே நின்றாள்.

“கைய எடுய்யா. மந்திரிய நூறு கேள்வி கேக்கற, போன் கம்பெனிக்காரன இருநூறு கேக்கற. இந்தாளாண்ட ஒண்ணு கேட்டியா? பொண்டாட்டி சாவப்போறாள்னு சொன்னான், எப்பிடிடா தெரியும்னு கேட்டியா? டீ போட்டாந்து குடுத்த.”

அப்பாவு கையை இறக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான். கடை பெஞ்சில் அவனோடு உட்கார்ந்து நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தவர்களும் தரையைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் அந்தத் தட்டில் போட்டவர்கள்தான்.

சித்தருடைய சாமியார்ப் பேச்சு அப்போதே கழன்றுவிட்டது. அவர் பெயர் கோபால். ஆரணியில் போன் கடை வைத்திருந்தவர். எல்லாரும் ஆன்லைனில் வாங்க ஆரம்பித்ததும் கடை படுத்துவிட்டது. “பொழப்பு பேஜாரா பூட்ச்சி நைனா. கண்ணாடி தொடைக்கிறது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச தொழிலு. டப்பு குடுத்துடறேன், உட்டுடுங்க,” என்று தட்டை நீட்டினார். ஜோதிலட்சுமி முதல் ஆளாகத் தன் கம்மலை எடுத்தாள். வேப்பங்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டாள். மீதியை மோகன்ராஜ் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தார்.

கதை இதோடு நல்லபடியாக முடிந்திருக்கும், நம் ஜனங்கள் விட்டால்.

ஷிஃப்ட் மணி அடித்தது. வரிசை மெஷினை நோக்கி நகர்ந்தது. முன்னால் நின்ற பெண் கண்ணாடியைத் துடைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்ன என்று கேட்டதற்கு, “நீயே தொடைச்சி உடு அக்கா. உன் கைதான் ராசியான கை,” என்றாள். பின்னால் இருந்தவள் ஜோதிலட்சுமியின் முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மெஷினிலிருந்து கழற்றின மாலையை யாரோ கையில் வைத்துக்கொண்டு, அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோகன்ராஜ் பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டி, உட்காரும்மா என்றார்.

ஜோதிலட்சுமிக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தது. முந்தானையை வெடுக்கென்று இழுத்து இடுப்பில் செருகினாள்.

“அடிப் போங்கடி. கண்ணாடிய எந்தக் கை தொடைச்சாலும் அது நன்றின்னுதான் சொல்லும். மண்டையத்தான் அவங்கவங்களே தொடைச்சிக்கணும்.”