முத்தமிட்டு விட்ட மீன்

இருபத்தேழு வயதில் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இருக்கவில்லை. அது மற்றவர்களுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை மட்டும் இருந்தது. அதனால் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே திரிந்தேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை என் கலியாணத்தைக் கிட்டத்தட்டக் குளத்தில் தள்ளினேன். கூடவே நானும் விழுந்தேன்.

நான் பிறந்தது மன்னாரில், வளர்ந்தது இத்தாலியின் தெற்கே, சிசிலித் தீவில், பலெர்மோவில். ஆறு வயதில் அப்பா அம்மாவோடு போய் இறங்கி, இருபத்தைந்து வயதுவரை அங்கேதான் வெயில் காய்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நாங்கள் நான்கு தமிழ்ப் பெடியன்களும் இரண்டு சிசிலிக்காரரும் மலைக்கு நடுவே இருந்த ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போய்விடுவோம். அங்கே பாஸ் மீன் இருந்தது. வாய் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு. வெந்நீர் போலச் சுடுகிற தண்ணீரில் ரப்பர்த் தவளை ஒன்றைத் தூண்டிலில் கட்டி எறிந்து, வெடுக்கு வெடுக்கென்று இழுத்தால், அடியிலிருந்து பாய்ந்து வந்து கன்னத்தில் அறைவது போலக் கவ்வும். பிறகு இரண்டு முழம் காற்றில் துள்ளும். நாங்கள் கரையில் நின்று கூத்தடிப்போம். மீனும் ஓடும், நாங்களும் ஓடுவோம், வியர்வையும் ஓடும்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. பிடித்த பாஸ் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கையை நனைத்துக்கொண்டு அதைத் தூக்கி, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, இத்தாலிய மொழியில் நன்றி சொல்லி, திரும்பத் தண்ணீரில் விடவேண்டும். (மீனுக்கு நெற்றி எங்கே என்று கேட்காதீர்கள். கண் இரண்டுக்கும் நடுவில்.) ஒருவன் ஒருமுறை களவாகக் கொண்டுபோய்ப் பொரித்துத் தின்றதற்காக அவனை மூன்று மாதம் நாங்கள் சேர்க்கவில்லை.

வேலை தேடி ஜேர்மனிக்கு வந்து, கார்ல்ஸ்ரூஹேயில் மின்வேலைக்குச் சேர்ந்து, தேவாலயத்துப் பாட்டுக்குழுவில் டிலானியைக் கண்டு, பாட்டு வராமலே அந்தக் குழுவில் சேர்ந்து, ஒன்றரை வருடம் வாயை மட்டும் அசைத்தது தனிக்கதை. டிலானிக்கும் என்னைப் பிடித்துவிட்டது. சிக்கல் அவளுடைய அப்பாதான். சவிரிமுத்து அங்கிள் கெட்டவர் இல்லை. கதைக்க மாட்டார், அவ்வளவுதான். முப்பது வருடம் ஜேர்மனியில் இருந்து, ஊரில் கொண்டுவந்த கொஞ்சப் பேச்சையும் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரத்தில் பிராங்பேர்ட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"இந்தச் சனிக்குள்ளை நீங்கள் அப்பாட்டைக் கேக்கவேணும். ஆனா வீட்டிலை கேக்காதேங்கோ. வீட்டிலை அம்மா கதைப்பா, அப்பா தலையாட்டுவார். அவர் வாய் திறக்கிறதெண்டா குளத்தடியிலைதான்" என்றாள் டிலானி.

அங்கிள் ஒரு தூண்டில்காரர் சங்கத்தில் இருந்தார். மணல் அள்ளிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து உண்டான ஏரி ஒன்றில் அவர்களுக்கு உரிமை இருந்தது. மீன் என்றதும் எனக்கு உள்ளே தேவதூதர்கள் பாடினார்கள். (அவர்களும் வாயை மட்டும் அசைத்திருக்கலாம்.) திட்டம் ஒரு நொடியில் தயார். போவது, பெரிய மீன் ஒன்றைப் பிடிப்பது, அவர் வாயைப் பிளந்து நிற்கும்போது மகளைக் கேட்பது.

ஜேர்மனியில் மீன் பிடிப்பதற்கும் பரீட்சை எழுதவேண்டும். நான் ஏற்கனவே எழுதித் தேறியிருந்தேன். அதனால் பத்திரம் எல்லாம் சரி. பத்திரம் மட்டும்தான் சரி.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஏரிக்கரையில் புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. அங்கிள் மூன்று சட்டை, அதற்கு மேல் ஒரு தடித்த கோட்டு, முழங்கால்வரை சப்பாத்து, மடிக்கிற கதிரை, சுடுதண்ணீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீர் என்று வந்திருந்தார். நான் பலெர்மோ மீன்பிடிச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் துணிச் சப்பாத்துமாக வந்திருந்தேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"தம்பி, குளிரேல்லையோ?"

"பழகின உடம்பு அங்கிள்" என்றேன். எதற்குப் பழகியது என்று அவர் கேட்கவில்லை.

அவர் முதலில் செய்த வேலை, நூலில் கட்டிய வெப்பமானி ஒன்றைத் தண்ணீரில் இறக்கியது. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏழு" என்றார். பிறகு சின்ன ரப்பர் மீன் ஒன்றை எறிந்து, அது அடியில் போய்க் கிடக்கும்வரை காத்திருந்து, ஒரு சாண் இழுத்து, நிறுத்தி, செபமாலையின் பத்து மணிகளை உருட்டி முடிக்கிற நேரம் சும்மா இருந்து, திரும்ப ஒரு சாண் இழுத்தார். எனக்குப் பார்க்கவே கொட்டாவி வந்தது.

"அங்கிள், இப்பிடி இழுத்தா மீன் நித்திரையாப் போயிடும்" என்றேன். வருங்கால மாமனாரிடம் நான் தனியாகப் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. பாஸ் மீனின் குணம், அதன் கோபம், அதை எப்படிச் சீண்ட வேண்டும், தெற்கில் நாங்கள் எப்படிப் பிடிப்போம் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். கை இரண்டையும் இத்தாலிக்காரன் மாதிரி வீசி வீசி விளக்கினேன். விளக்கிக்கொண்டே என் ரப்பர்த் தவளையை எறிந்து வெடுக்கென்று இழுத்தேன். கரை நீளத்துக்கு ஓடினேன். உறைந்த புல்லில் இரண்டு தரம் சறுக்கினேன். நவம்பர் மாதம் ஏழு பாகைத் தண்ணீரில் என் தவளை தன்னந்தனியாக நீந்தித் திரிந்தது. அந்த ஏரியில் உண்மையான தவளைகள் எல்லாம் எப்போதோ சேற்றுக்குள் போய்ப் படுத்திருக்கும்.

கடைசியில் அங்கிள் வாய் திறந்தார்.

"தம்பி, அதுக்கும் குளிருது. அடியிலை கூட்டமாக் கிடக்கும். ஓடி வந்து சாப்பிடாது. நாங்கள்தான் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு இருக்கவேணும்."

"அங்கை எண்டா அது தேடி வரும் அங்கிள்."

"இது அங்கை இல்லைத்தானே" என்றார், கோபம் இல்லாமல்.

பத்து மணிக்கு எனக்குக் கால்விரல்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்து உறுதி செய்ய வேண்டியிருந்தது. மீனும் இல்லை, மகளைக் கேட்க வாயும் வரவில்லை. அப்போதுதான் அங்கிளின் தூண்டில் தடி வளைந்தது. பாய்ச்சல் இல்லை, துள்ளல் இல்லை. அடியில் யாரோ கதவைச் சாத்துவது போல ஒரு சின்னத் தட்டல், பிறகு பாரம். அங்கிள் எழுந்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை கண்டதில்லை.

"பார்ஷ்" என்றார் மெதுவாக. "பெரிசு. தம்பி, வலையை எடும்."

பார்ஷ் என்பது எங்கள் பாஸ் மீனுக்குக் குளிர்நாட்டுச் சொந்தக்காரன் மாதிரி. பச்சை முதுகு, கறுப்புப் பட்டிகள், சிவந்த செட்டைகள். உள்ளங்கை நீளத்தில்தான் மிகுதியாகக் கிடைக்கும். வலைக்குள் நான் ஏற்றிய இது அரை மீற்றர் இருக்கும்.

"பதினொரு வருஷமா இதைப் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார் அங்கிள். அன்றைய கணக்குக்கு அது ஒரு பிரசங்கம். "வீட்டிலை அன்ரி குழம்புக்குப் பழப்புளி கரைச்சு வைச்சிருக்கிறா. கவனமாப் பிடியும், நான் அளக்கிற நாடாவை எடுக்கிறன்."

மீனை என் கையில் தந்துவிட்டுத் தன் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

ஜேர்மன் பரீட்சையில் இதைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. அளவும் காலமும் சரியான மீனைப் பிடித்தால், விளையாட்டுக்காக அதைத் திரும்ப விடக்கூடாது, சாப்பிடக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் விடை. நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் பரீட்சை எழுதியது தலை. கைகள் இரண்டும் பலெர்மோவிலேயே நின்றுவிட்டன. அவை தாமாகவே கரைக்குப் போயின, தாமாகவே நனைந்தன. நான் மீனைத் தூக்கினேன். கண் இரண்டுக்கும் நடுவில் ஒரு முத்தம் கொடுத்தேன். இத்தாலிய மொழியில் நன்றி சொன்னேன். பிறகு பதமாக, அன்பாக, அதைத் தண்ணீரில் விட்டேன்.

வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அது போய்விட்டது. மனதுக்கு இதமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அங்கிள் நாடாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மீன் எங்கை?"

"விட்டிட்டன் அங்கிள்."

"எங்கை விட்டனீர்?"

"தண்ணிக்குள்ளை."

அவர் தண்ணீரைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். அதை மடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் என் தலை கைகளிடம் வந்து சேர்ந்தது. பதினொரு வருடம். பழப்புளி. பிராங்பேர்ட் வங்கி. நான் என்ன நினைத்தேனோ தெரியாது, தூண்டில் தடியைப் போட்டுவிட்டு மீன் போன திசையில் தண்ணீருக்குள் இறங்கி நடந்தேன். மணல் பள்ளத்தில் கரை எங்கே முடிகிறது என்பதற்கு அறிவிப்புப் பலகை கிடையாது. மூன்றாவது அடியில் தரை இல்லை.

அந்தக் குளிரை எழுத எனக்குத் தமிழ் போதாது. இத்தாலிய மொழியும் போதாது, இரண்டிலும் கத்திப் பார்த்துவிட்டேன். அங்கிள் வலையின் நீளக் கைப்பிடியை நீட்டி, நான் அதைப் பிடித்துத் தொங்க, கரையில் இழுத்துப் போட்டார். மீனை விடப் பாரமாக இருந்திருப்பேன், ஆனால் அளந்து பார்க்கிற மனநிலையில் அவர் இல்லை. தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டார், தேநீர் தந்தார், காரின் சூடாக்கியை முழுதாகத் திறந்துவிட்டார். வழி முழுக்க எனக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்ததால் மகளைக் கேட்க முடியவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கு விளங்கியிராது.

வீட்டு வாசலில் டிலானியின் அம்மா, அந்த அன்ரி, சட்டியோடு நின்றார். "மீன் எங்கை?"

அங்கிள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ஒண்டும் படேல்லை. தம்பி சறுக்கி விழுந்திட்டார்."

பொய்யே சொல்லாத மனிதர் அவர். வரிப் பத்திரம் நிரப்பும்போது நத்தார்ப் பண்டிகைக்குக் கிடைத்த சொக்லேட் பெட்டியையும் எழுதட்டோ என்று கேட்டவராம். அப்படிப்பட்டவர் எனக்காகப் பொய் சொன்னதும், அன்ரி அதை நம்பி "உங்களுக்கு என்னதான் படும்" என்று அவரை ஏசியதும் என்னால் தாங்க முடியவில்லை. அவருடைய தடித்த உடுப்பை மாற்றிக்கொண்டு, விரல் நுனிவரை மூடிய சட்டைக் கையோடு மேசை முன் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அன்ரி சட்டியை வைத்துவிட்டார். "விட்டனீரோ?"

"ஓம் அன்ரி."

"கொஞ்சிப்போட்டோ?"

"ஓம். நெத்தியிலை."

டிலானி மேசைக்குக் கீழே எதையோ தேடப் போனாள். அவள் முதுகு குலுங்கியது. அங்கிள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் உண்மையிலை மீன் பிடிக்கத்தான் வந்தனீரோ?"

இனி இழப்பதற்கு ஒன்றும் இல்லை. "இல்லை அங்கிள். டிலானியைக் கட்டித் தருவீங்களோ எண்டு கேக்க வந்தனான்."

மேசைக்குக் கீழே சிரிப்பு நின்றுவிட்டது.

"கையிலை குடுத்ததைக் கொஞ்சிப்போட்டு விடுற ஆளிட்டை நான் என்ர பிள்ளையைத் தாறதோ?" என்றார் அங்கிள்.

நியாயமான கேள்வி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது அவரே தொடர்ந்தார்.

"விட்டது பிழை. ஆனா விட்டதுக்குப் பிறகு, அதைத் தேடி ஏழு பாகைத் தண்ணிக்குள்ளை இறங்கினவர் இவர். நீந்தத் தெரியாத ஆள்."

"நீந்தத் தெரியும் அங்கிள்."

"பாத்தனான்" என்றார். அவர் வாயின் ஓரம் துடித்தது, பிறகு தோள், பிறகு முழு மனிதரும். அன்ரி தன் வாழ்க்கையில் அவர் அப்படிச் சிரித்துக் கண்டது அதுதான் இரண்டாவது தடவை என்று பிறகு சொன்னார். முதலாவது எதற்கு என்று இன்றுவரை சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கிள் அன்ரியிடம் திரும்பி, "பிராங்பேர்ட்டுக்கு ரெலிபோன் எடும். வரவேண்டாம் எண்டு மரியாதையாச் சொல்லும்" என்றார்.

அன்றைக்கு அன்ரி கரைத்து வைத்த பழப்புளியில், தகரப் பேணியில் வரும் ரின்மீனை உடைத்துப் போட்டுக் குழம்பு வைத்தார். புட்டோடு நான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அதுபோல ஒரு குழம்பை நான் இதுவரை சாப்பிட்டதில்லை.

மீன் கதை கார்ல்ஸ்ரூஹேயைத் தாண்டி ஆஹென் நகரம்வரை எங்கள் சொந்தங்களுக்குள் போய்விட்டது. கலியாண மேடையில் டிலானியின் கையை என் கையில் தரும்போது, மாமாவாகிவிட்ட அங்கிள் ஒரு கணம் தயங்கினார், சனம் முழுக்கச் சிரித்தது. போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். தாதி துணியில் சுற்றி என் கையில் தந்தாள். அரை மீற்றரும் கொஞ்சமும், அளந்து எழுதியே வைத்திருந்தார்கள். நான் குனிந்து, கண் இரண்டுக்கும் நடுவில் முத்தமிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், பக்கத்தில் மாமா இரண்டு கைகளையும் விரித்துக் குழந்தைக்குக் கீழே ஏந்திக்கொண்டு நின்றார்.