அரை மாத்திரை மனுசன்

இடைசெவல்,
25-11-83

மரியாதைக்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, தங்கை ஆவுடைத்தாய் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாப்பிள்ளையும் இரண்டு பசுக்களும் தெய்வ சகாயத்தில் இருக்கிறோம். பிலாயில் தாங்களும் மதினியும் பிள்ளைகளும் அந்த இரும்பாலைச் சூட்டிலும் குளிரிலும் உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இந்த வருசம் மழை தேவலை. கரிசல் இளகிக் கிடக்கிறது. உளுந்தும் பருத்தியும் முளைத்துவிட்டன.

நிற்க. "மாப்பிள்ளைக்கு மூச்சுத்திணறல் அடியோடு போய், கன்னம் உப்பி, ஆளே மாறிவிட்டார் என்று கிட்டு சொன்னான், மெய்தானா?" என்று கேட்டிருந்தீர்கள். மெய்தான். ஆனால் கிட்டு சித்திரை மாதம் லீவில் ஊருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவன். சித்திரைக்கும் கார்த்திகைக்கும் நடுவில் இந்த வீட்டில் எத்தனையோ நடந்துவிட்டது. ஒரு காரியத்தில் தங்கள் யோசனையும் வேண்டும். பொறுமையாகப் படிக்கவும். மதினிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

உங்கள் மாப்பிள்ளை, அவிய குணம் தாங்கள் அறிந்ததுதான். மில்லில் பஞ்சு உடைக்கிற இடத்தில் இருபத்திரண்டு வருசம் நின்று நெஞ்செல்லாம் தூசி. நாலு எட்டு நடந்தால் இழுப்பு வந்துவிடும். இழுப்பு வந்தால் பேச்சு போய்விடும், பேச்சு போனால் கோபம் வந்துவிடும். ஒரு நாளைக்கு என்னிடம் பேசுவது மூணு வார்த்தை: "தண்ணி", "கதவு", "போதும்". பங்குனியில் மக பெருமாயியைப் பார்க்க விளாத்திகுளம் போன இடத்தில், அவ வீட்டுக்குப் பக்கத்தில் சந்தையன்று வேன் போட்டுக்கொண்டு ஒருத்தன் வந்து மூச்சுக்குப் பொடி வித்திருக்கான். எந்த ஊர்க்காரனோ, பேரும் தெரியாது. காலையில ஒரு சிட்டிகை, சாயந்தரம் ஒரு சிட்டிகை, தேனில குழைச்சு நக்கணும். அண்ணாச்சி, மூணே நாள்! இழுப்பு நின்னுபோச்சு. பத்து வருசமா நெஞ்சுக்குள்ள கத்திக்கிட்டிருந்த பூனைக்குட்டி எங்கயோ ஓடிப்போச்சு. நான் பிள்ளையார் கோயிலுக்குப் போயி தேங்கா விடலை போட்டேன். பொடிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குக் கேக்கத் தோணல. சுகமாயிட்டா ஏன்னு யாரு கேப்பா?

பிறகுதான் பசி ஆரம்பிச்சிச்சு. கம்பஞ்சோறு ஒரு உருண்டைக்கு மேல இறங்காத மனுசன் நாலு உருண்டை சாப்பிட்டுட்டு, "வேற என்ன இருக்கு?"ன்னு அடுக்களைக்குள்ள எட்டிப் பாக்காவ. கோவில்பட்டிக்குப் போனா கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்குவாவ, பஸ் ஊருக்கு வரதுக்குள்ள வெறும் பேப்பர்தான் மிச்சம். முகம் வட்டமா தாம்பாளம் கணக்கா ஆயிருச்சு. மேலத்தெரு மாடத்தி, "என்ன மதினி, அண்ணாச்சி புதுமாப்பிள்ளை கணக்கா இருக்காவ"ன்னு கேட்டுட்டுச் சிரிக்கா. உடம்புல ஏறின வேகத்துக்கு வேலை பத்தல. ஒருநாள் விடியும்போதே ஏணியப் போட்டு வீட்டு ஓடு பூராவையும் பிரிச்சு அடுக்கிட்டாவ. ஒழுகுத இடத்த மட்டும் பாத்தாப் போதும்னு கத்தினேன். "செய்யுதத முழுசாச் செய்யணும்ட்டி!"ங்காவ மேல இருந்து. மத்தியானம் அதுல ஆசை விட்டுப்போயி பால் சொசைட்டி தேர்தல்ல நிக்கப்போறேன்னு கிளம்பிட்டாவ. அன்னைக்குச் சாயந்தரம்தான் கோடைமழை கொட்டணுமா? நெல்லு கொட்டி வச்ச மண் குலுக்கைக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நான் நிக்கேன். அவிய நனைஞ்சுக்கிட்டே பாட்டுப் படிக்காவ.

இது எல்லாம் சிரிப்புக்கு. சிரிக்க முடியாத ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. அவிய எங்கிட்டப் பேச ஆரம்பிச்சாவ. அடுப்புப் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து வெங்காயம் உரிச்சுத் தந்துக்கிட்டே, "நீ சின்னப் பிள்ளையில என்ன விளையாடுவ? உனக்கு எதுக்குப் பயம்?"னு கேட்டாவ. கல்யாணம் ஆயி இருபத்தேழு வருசத்துல கேக்காத கேள்வி. யோசிச்சு மறுநாள் சொன்னேன். நான் சொன்னத ஞாபகம் வச்சிருந்து அடுத்த நாள் அதுல இருந்து இன்னொண்ணு கேட்டாவ. நாலு மாசம் அப்படி இருந்தேன். எங்க மேல யாரும் கண்ணு வச்சிரக்கூடாதுன்னு வெளிய போனா முகத்தக் கடுகடுன்னு வச்சுக்கிடுவேன்.

ஆடியில, வாடிக்கையாப் பொடி வாங்குத அந்த வேன்காரன் வரல. போலீஸ் பிடிச்சிருச்சுன்னு ஒரு பேச்சு, வடக்க போயிட்டான்னு ஒரு பேச்சு. பொடி தீந்து நாலாம் நாள் அவியளால எந்திரிக்க முடியல. வாந்தி, கிறுகிறுப்பு, கையும் காலும் துணி மாதிரி தொங்குது. கூப்பிட்டா கண்ணு மட்டும் திரும்புது. ஆடு மேய்க்குத சின்னக்கருப்பன் ஓடிப்போயி ரோட்டுல ஒரு டெம்போவ மறிச்சான். கோவில்பட்டியில கல்யாணசுந்தரின்னு ஒரு டாக்டரம்மா, நம்ம பெருமாயி வயசுதான் இருக்கும், கைநாடியப் பிடிச்ச உடனே முகம் மாறிருச்சு. "பூவனலிங்கம் ஐயா என்ன மருந்து சாப்பிட்டாங்க?"ன்னு கேட்டாவ. ஒண்ணுமில்லன்னேன். "அம்மா, நீங்க மறைச்சா நான் இவரைக் காப்பாத்த முடியாது"ன்னாவ. முந்தானையில முடிஞ்சிருந்த வெறும் பொட்டலத் தாள அவுத்துக் கொடுத்தேன். ஊசி போடுததுக்கு முன்னால ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினாவ. ஊசி போட்டு ஒரு மணி நேரத்துல அவிய தண்ணி கேட்டாவ.

பன்னெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட்டு வந்துச்சு. டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொன்னாவ. நம்ம ரெண்டு மூத்திரக்காய், கிட்னிங்காவளே, அதுக்கு மேலயும் தொப்பி மாதிரி சின்னதா ஒரு சுரப்பி இருக்காம். தினம் விடியக்காலையில அது ஒரு சத்துநீர ரத்தத்துல விடுமாம். நாம எந்திரிச்சு நடமாடுததுக்கு அதுதான் காரணமாம். பேரு ஹார்மோன். அந்தப் பொடியில ஸ்டீராய்டுன்னு ஒரு மாத்திரைய இடிச்சுக் கலந்திருக்கான். அதுவும் இதே சாதிச் சத்துதான். வெளியில இருந்து மூட்டை மூட்டையா வந்து இறங்கவும், நமக்கு இனி என்ன வேலைன்னு உள்ள இருக்குத சுரப்பி படுத்துத் தூங்கிருச்சு. இப்ப வெளியில இருந்து வாரதும் நின்னுபோச்சு, ரத்தத்துல ஒண்ணுமே இல்ல. "அப்போ அந்தப் பசி?"ன்னு கேட்டேன். மருந்துன்னாவ. "ஓட்டப் பிரிச்சது?" அதுவும் மருந்து. "பாட்டு?" மருந்தாத்தான் இருக்கும்னாவ. அதுக்கு மேல கேக்க எனக்குத் தைரியம் வரல. அவிய தரையவே பாத்துக்கிட்டிருந்தாவ.

திடுமுன்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தாம். அதே மருந்த டாக்டரம்மா அளவாத் தந்து, நாலு மாத்திரை, மூணு, ரெண்டுன்னு படிப்படியாக் குறைக்கணும். தூங்குதத மெதுவா எழுப்பணுமாம். இழுப்புக்கு வேற மாத்திரை. உப்பு குறைவு, இனிப்பு கூடவே கூடாது. ஆவணிக் கடைசியில மறுபடி ரத்தம் எடுக்க வரச் சொன்னாவ: "வெறும் வயித்தோட வரணும், காலை மாத்திரையைக் கையில வச்சுக்கிடணும், ரத்தம் எடுத்த பிறகுதான் போடணும்." சரி சரின்னு தலையாட்டிட்டு, பஸ் ஏறுததுக்கு முன்னாலயே மாத்திரைய முழுங்கியாச்சு. கோவில்பட்டியில இறங்கினதும் நான் செருப்புத் தைக்கக் கொடுக்கப் போன நேரத்துல கடலை மிட்டாயும் ஆயாச்சு. ரிப்போர்ட்டு வந்தா, ஹார்மோன் நிறைஞ்சு வழியுது, சர்க்கரையும் எக்கச்சக்கம். டாக்டரம்மா மொதல்ல சந்தோசப்பட்டாவ, பிறகு கண்ணாடியக் கழட்டிட்டு, "ஐயா, மாத்திரை போட்டுட்டு வந்தீங்களா?"ன்னாவ. அவிய இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணப் போனாவ. நான் உள்ளதச் சொல்லிட்டேன். "போட்ட மாத்திரையும் சேந்து தெரிஞ்சிருச்சும்மா. தின்னா ஒண்ணு காட்டும், பயந்தா ஒண்ணு காட்டும், காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு"ன்னாவ. "அப்போ ரத்தமும் பொய் சொல்லுமா?"ன்னு கேட்டேன். "பொய் சொல்லாது. அந்த நேரத்துல என்ன இருக்கோ அதைச் சொல்லும். மனுசன் எப்படிப்பட்டவன்னு அதுகிட்டக் கேக்க முடியாது"ன்னாவ.

மாத்திரை குறையக் குறைய என் வீடும் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு அண்ணாச்சி. மூணு மாத்திரைக்குப் பாட்டு நின்னுச்சு. ரெண்டுக்குக் கேள்வி நின்னுச்சு. ஒண்ணுக்கு, குழம்புல உப்பு இல்லன்னு தட்டத் தள்ளினாவ. புரட்டாசியில கூரை மூங்கிலத் துடைக்கும்போது ஓட்டுக்கு அடியில இருந்து பொடிப் பொட்டலம் ஒண்ணு விழுந்துச்சு. பிரிச்ச ஓட்டத் திரும்ப வேஞ்ச அன்னைக்குச் செருகி வச்சிட்டு மறந்திருக்காவ. அடுப்புல ரசம் கொதிக்கி. நான் பொட்டலத்தப் பிரிச்சுக் கையில வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியாது. ஒரு சிட்டிகை போட்டா நாளைக்குக் காலையில பக்கத்துல வந்து உக்காந்து வெங்காயம் உரிப்பாவளேன்னு நினைச்சேன். எலும்பு உளுத்துப்போகும், கண்ணுல புரை விழும், சர்க்கரை வந்துரும்னு டாக்டரம்மா சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கு. இருந்தும் நின்னேன். ரசம் பொங்கி அடுப்பு அணைஞ்ச சத்தத்துலதான் எனக்குப் புத்தி வந்துச்சு. பொடியச் சாணிக்குழியில கொட்டி மண்ணத் தள்ளி மூடினேன். இத உங்கள்ட்ட மட்டும்தான் சொல்லுதேன்.

இப்ப மூணு வாரத்துக்கு மேலா அரை மாத்திரை. கோபம் இருக்கு, உர்ருன்னுதான் இருக்காவ. ஆனா அந்த அரைக்கும் ஒரு குணம் இருக்கத்தான் செய்யுது. முந்தாநாள் கிணத்தடியில இருந்து வந்தேன், ஒண்ணும் சொல்லாம இடுப்புக் குடத்த வாங்கி இறக்கி வச்சாவ. போன வாரம் எனக்குக் காய்ச்சல், அவியளே கஞ்சி காய்ச்சினாவ. தீஞ்சுபோச்சு, இருந்தாலும் காய்ச்சினாவ. நாளைக்கு டாக்டரம்மாவப் பாக்கப் போறோம். இந்த அரையையும் நிறுத்திருவாவளோன்னு பயமா இருக்கு. ஆயுசுக்கும் அரையிலேயே விட்டுருங்கன்னு கேக்கவா? கேட்டா அது பாவமா? அவிய உடம்புல என் சுகத்தத் தேடுதேனா? தாங்கள் நாலு ஊர் பார்த்தவர்கள், ஆலோசித்து உடனே பதில் எழுதவும்.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு அத்தையின் ஆசிகள். அவர்கள் படிப்பும் உடம்பும் தழைக்க நம் குலசாமி துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பிரியமுள்ள தங்கை
ஆவுடைத்தாய்

பின்குறிப்பு: அண்ணாச்சி, பதில் எழுத வேண்டாம். தபால் பெட்டியில போடுததுக்குள்ள கோவில்பட்டிக்குப் போயிட்டு வந்துட்டோம். அவிய மருந்துச் சீட்டு வாங்கப் போன நேரத்துல, "அரை மாத்திரைய மட்டும் நிறுத்திராதிய தாயி"ன்னு நான் டாக்டரம்மா கையப் பிடிச்சுக்கிட்டேன். டாக்டரம்மா விழிச்சுப் பாத்தாவ. "எந்த அரை மாத்திரை? அந்த மருந்தையே நிறுத்தி இருபத்தாறு நாள் ஆச்சும்மா. சொன்னாப் பயத்துலயே இழுப்பு வந்துரும்னுதான் சொல்லல. அரைன்னு தின்னுக்கிட்டிருக்கது வெறும் வைட்டமின். ரெண்டு வாரத்துக்கு முந்தி எடுத்த ரத்தத்துல அவரு சொந்தச் சுரப்பு நல்லா இருக்கு"ன்னு தாளத் தூக்கிக் காமிச்சாவ. திரும்பி வரும்போது பஸ்ல அவியள்ட்ட விசயத்தச் சொல்லிட்டேன். பஸ் நாலாட்டின்புதூர் தாண்டுச்சு. பிறகு ஜன்னலப் பாத்துக்கிட்டே, "பொடி திங்கும்போது பேச்சு தானா வந்துச்சுட்டி. இப்ப ஒவ்வொரு வார்த்தையும் பஞ்சுப் பொதியத் தூக்குத மாதிரி இருக்கு"ன்னாவ. கொஞ்சம் கழிச்சு, "தூக்கத்தான செய்யுதேன்"ன்னாவ. இப்ப கவர் ஒட்டுததுக்குச் சோத்துப் பருக்கை கொண்டாந்து பக்கத்துல நிக்காவ. இத்தனை பக்கம் என்னத்த எழுதியிருக்கன்னு கேக்காவ. மழை நிலவரம்னு சொல்லியிருக்கேன்.