அம்மையின் கழுத்தில் ஒரு செயின்

பாறசாலை முதல் வெள்ளறடை வரை எந்த வீட்டுச் சுவரில் யார் படம் தொங்கினாலும், அவர் கன்னம் சிவந்திருந்தால் அதற்கு ரோஸ் ஆசான்தான் காரணம். செத்தவர்களைக்கூட அவர் வெளுப்பாக விட்டதில்லை.

கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் நிறம் கொடுப்பது அவர் வேலை. தொண்ணூறுகளில் குன்னத்துகாலில் நான் கண்ணாடி வெட்டிச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த கடைக்கு அடுத்த அறை அவருடையது. தூரிகையை நாக்கில் தொட்டுத்தான் கூராக்குவார். அதனால் அவர் வாயைத் திறந்தாலே அன்றைக்கு யார் வீட்டுச் சேலை நீலம், யார் வீட்டுச் சேலை பச்சை என்று தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர், தன் படம் நாடகத்துக்கு வேஷம் கட்டியதுபோல் இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார். "இத்தன வருஷம் ஆளுகள வெரட்டினீரு. சுவருலயாவது கொஞ்சம் வெக்கப்படும் ஓய்" என்றார் ஆசான். போலீஸ்காரர் படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு வீட்டில் புருஷன் இளம்வயதில் போனவர். மனைவி கிழவியாகிப் போனவள். இருவரையும் ஒரே படத்தில் சேர்த்தபோது அம்மையும் மகனும்போல இருந்தது. ஆசான் யாரையும் கேட்காமல் புருஷனுக்குக் காதோரம் நரை வைத்துக் கொடுத்தார்.

எங்கள் அம்மை இறந்தபின், இருந்த ஒரே படத்தை நான் அவரிடம் கொண்டுபோனேன். அம்மையின் கழுத்தில் வெறும் சரடு. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத நான், அன்று மட்டும் தரையைப் பார்த்தபடி, ஒரு செயின் போட முடியுமா என்று கேட்டேன். ஆசான் காரணம் கேட்கவில்லை. தங்கப் பொடியைக் கோந்தில் குழைத்து, இரண்டு நாள் கண்ணி கண்ணியாக வரைந்தார்.

அந்தச் செயின்தான் வீட்டை இரண்டாக்கியது. பம்பாயில் வேலையிலிருந்த அண்ணன் அடுத்த வருஷம் ஊருக்கு வந்தார். படத்தைப் பார்த்தார். கடைசிவரை அம்மையைப் பார்த்துக்கொண்டது அக்கா. ஆகவே செயின் அவளிடம்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். அப்படி ஒரு செயினே கிடையாது என்று அக்கா சத்தியம் செய்தாள்.

"கலரு கையால போடுவான், சரி. செயினையுமா போடுவான்?" என்றார் அண்ணன்.

அக்கா அழுதுகொண்டே கொல்லயிலில் இருக்கும் புருஷன் வீட்டுக்குப் போனாள். பிறகு வரவேயில்லை. நான் வாய் திறக்கவில்லை. அண்ணன் முன்னால் எனக்குப் பேச்சு எழும்பாது. அம்மைக்கு இல்லாததைக் கேட்டு வாங்கினேன் என்று சொல்ல வெட்கம் வேறு. இப்படியே ஒரு மாதம் போனது.

விஷயம் எப்படியோ ஆசான் காதுக்கு எட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சை நாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "எலே, சட்டத்தக் கழத்து" என்றார் என்னிடம். கழற்றிக் கொடுத்தேன். விரலை நாக்கில் தொட்டு, அம்மையின் கழுத்தில் ஒரே இழுப்பு. செயின் போய்விட்டது. அடியில் சரடு தெரிந்தது.

"நான் எனக்க இஷ்டத்துக்கு இட்டதாக்கும் மக்கா. அந்தப் பிள்ளயப் போயிக் கூட்டிட்டு வா" என்றார் அண்ணனிடம். என் பக்கம் திரும்பவேயில்லை.

அண்ணன் படத்தை வாங்கி அம்மையின் சிவந்த கன்னத்தில் விரல் வைத்தார். "அப்ப இந்தக் கவிளும் நீரு இட்டதுதானா?"

"செயின் நான் இட்டது. கவிளு அவளுக்க சொந்தமாக்கும்."

அண்ணன் அன்றே கொல்லயிலுக்குப் போனார். அக்கா வந்துவிட்டாள். ஆனால் ஊரில் ஆசானுக்குக் கள்ளச் செயின்காரன் என்று பெயராகிவிட்டது. படம் கொண்டுவருகிறவர்கள் குறைந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் அறையைக் காலி செய்துவிட்டு நெய்யாற்றின்கரையில் மகள் வீட்டோடு போய்விட்டார். அதுவரை நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். கேட்டது நான்தான் என்று ஊருக்கும் சொல்லவில்லை. அவரிடம் போய் இரண்டு நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்துவிட்டேன்.

படம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. கழுத்தில் அவர் விரல் பட்ட இடத்தில் லேசாகப் பச்சை. அம்மைக்குக் கன்னம் அப்படிச் சிவந்திருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. ஆசான் சொன்னால் இருந்திருக்கும்.