டிலானியின் நேர்முகப் பரீட்சையில் நான் பெயில்

தன்னம்பிக்கையைப் பற்றி அதிகம் பேசுகிறவர்களுக்கு அநேகமாக வேறு வேலை இருக்காது. இதை நான் ஆராய்ந்து சொல்லவில்லை, அனுபவித்துச் சொல்கிறேன். பட்டதாரி என்று ஒரு சான்றிதழையும் வேலையில்லாதவள் என்று ஒரு பெயரையும் எடுத்துக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் நான் குந்தியிருந்த காலத்தில், எனக்கிருந்த ஒரே உத்தியோகம் மற்றவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதுதான். (சம்பளம் கிடையாது. அம்மா அதை "உழவாரத் தொண்டு" என்பா.)

கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில், பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு நிகழ்ச்சித்திட்டம் நடந்தது. பெரும்பாலும் மட்டக்குளிப் பிள்ளைகள். தையல், கணினி, கேக் அடிப்பது எல்லாவற்றுக்கும் ஆட்கள் இருந்தார்கள். வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்கு எப்படிப் போவது என்று படிப்பிக்கத்தான் ஆளில்லை. அதுபற்றிய பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்த நான் (மத்தியானச் சாப்பாடு நல்லது என்று கேள்விப்பட்டுப் போனது) கையை உயர்த்தினேன். அதுவரை நான் போன ஒரு நேர்முகப் பரீட்சையிலும் தேறவில்லை என்பதை அவர்கள் கேட்கவில்லை. நானும் ஏன் சும்மா கிடந்த சங்கை ஊதுவான் என்று விட்டுவிட்டேன்.

என்னுடைய பாடம் சுருக்கமானது. கண்ணைப் பார். சிரி. கேள்வி கேட்பவரை மறுத்துப் பேசாதே. "முடியாது", "தெரியாது" இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டு வா. இதைச் சொல்லும்போது தலையை ஒரு பக்கம் சரித்து, கண் நிறையக் கருணையை வரவழைத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கப் போகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த முகம். பாவப்பட்ட பிள்ளைகள், அன்பாகப் பேச வேண்டும் என்று என் நினைப்பு.

வகுப்பில் பாவப்படாத ஒரு பிள்ளை இருந்தாள். பெயர் டிலானி, வயது பத்தொன்பது.

"மிஸ், தெரியாததத் தெரியாதுன்னு சொல்லாம வேற என்னா சொல்றது?"

"சிரிக்க வேணும், டிலானி."

"கேள்வி கேக்கக்குள்ள சிரிச்சிக்கிட்டே இருந்தா லூசுன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"இந்தக் கெட்ட எண்ணம்தான் உங்களை முன்னேற விடாமப் பிடிச்சு வச்சிருக்கு" என்றேன், தலையை இன்னும் கொஞ்சம் சரித்து.

காலிமுகத்திடல் பக்கமிருந்த ஒரு பெரிய ஹோட்டலில் விருந்து மண்டபத்துக்குப் பயிலுநர்கள் எடுக்கப்போவதாகவும், எங்கள் பிள்ளைகளையும் பார்க்கச் சம்மதித்திருப்பதாகவும் செய்தி வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேலை. டிலானிக்கு அப்படியில்லை. தகப்பன் இல்லாத அந்த வீட்டில் அவளுடைய மாமா வைத்ததுதான் சட்டம். வத்தளையில் அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"நல்ல மனுசன்தான் மிஸ். சொந்தமா த்ரீவீல் இருக்கு. என்னய விட எங்கம்மாவுக்குத்தான் வயசு பொருத்தம்."

தாய் எப்படியோ கெஞ்சி ஒரு தவணை வாங்கியிருந்தா. ஹோட்டலில் எடுத்தால் டிலானி வேலைக்குப் போகலாம். எடுக்காவிட்டால் அடுத்த கிழமை நிச்சயதார்த்தம்.

"நீ பயப்படாதை. நான் கூடவே வாறன்" என்றேன். அவள் பயந்திருக்க வேண்டிய வசனம் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சிங்களத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா அம்மா யாழ்ப்பாணம். நான் படித்ததும் அங்கேதான். கொழும்புக்கு வந்த பிறகு நாங்கள் பழகிய சிங்களம் மரக்கறிக் கடை வரைக்கும் போய்த் திரும்பி வரும். அதற்கு மேல் யாராவது எதையாவது கேட்டால் எங்களிடம் ஒரு குடும்ப மருந்து இருக்கிறது: முகத்தை மலர்த்திக்கொண்டு "ஓவ், ஓவ்" என்பது. ஆம், ஆம் என்று பொருள். அப்பா இப்படி "ஓவ்" சொல்லித்தான் வாசலுக்கு வந்த விற்பனைக்காரரிடம் தண்ணீர் வடிகட்டி இரண்டு வாங்கினார். ஆங்கிலம்? எழுதினால் வரும். வாயைத் திறந்தால் ஓடிப்போய்விடும்.

அன்று பிள்ளைகள் எல்லாரும் நிகழ்ச்சித்திட்டத்தின் மஞ்சள் ரீசேட்டில் வந்தார்கள். நெஞ்சில் "நான் என்னை நம்புகிறேன்" என்று பெரிதாக அச்சடித்திருக்கும். ஒற்றுமையைக் காட்டுகிறேன் என்று நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். (அப்போது நான் மெலிந்திருந்தேன், சிறுபிள்ளைத் தோற்றம். இப்போதைய என்னைப் பார்த்து யாரும் சிரிக்கத் தேவையில்லை.) ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். கடைசியாக டிலானி. அவளுடைய முறை வர இருந்த நேரம் பார்த்து, தலையில் குத்தியிருந்த ஊசி கழன்று கொண்டை சரிந்தது.

"மிஸ், இங்கனயே நில்லுங்க. ஓடிட்டு வந்துர்றேன்" என்று குளியலறைக்கு ஓடினாள். கதவு திறந்தது. "டிலானி?" என்று ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

பேசாமல் நின்றிருக்கலாம். விதி யாரை விட்டது? அவள் இப்போது வருவாள் என்று சொல்லிவிட்டு வருவோம் என்று உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய பெரிய முகாமையாளர் ஒருவர். கூப்பிட்ட அம்மையார் போய் அவருக்குப் பக்கத்தில் பேனையோடு உட்கார்ந்தார். நான் வாசலைக் காட்டி "டிலானி..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் சிங்களம் வரவில்லை.

"ஹரி ஹரி, டிலானி. வாடி வென்ன" என்று அவர் நாற்காலியைக் காட்டினார். சரி சரி, உட்கார் என்கிறார். மறுத்துப் பேசக் கூடாதே! உட்கார்ந்தேன். கண்ணைப் பார்த்தேன். சிரித்தேன்.

பிறகு எப்படியோ ஆங்கிலத்தைத் திரட்டி, "சேர், ஐ டீச்சர்" என்றேன்.

அவருடைய தலை மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. கண் நிறையக் கருணை. டீச்சராக வர ஆசைப்பட்டாயா மகளே, பாவம், என்ற பார்வை. ஐயோ, அது என்னுடைய முகம்! வகுப்பில் நான் போடுகிற அதே முகம்! அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்க்கும்போது எப்படி எரிச்சல் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதைச் சொன்னாலும் அந்த மனிதரின் காதுக்குள் போகவில்லை, கருணை வந்து அடைத்துவிட்டது. இந்தப் பிள்ளைகள் இத்தனை மாதமாக என் முகத்தில் ஒன்றையும் தூக்கி எறியாமல் இருந்தது பெரிய விஷயம்.

பயத்தில் நான் குடும்ப மருந்தைக் கையில் எடுத்தேன். அவர் என்ன கேட்டார் என்பதெல்லாம் பிறகு அந்த அம்மையாரின் வாயைக் கிளறி டிலானி கொண்டுவந்த தகவல்.

முன்பு எங்காவது வேலை செய்தாயா? "ஓவ்." எங்கே? "ஓவ்." ஏன் விட்டாய், சண்டை பிடித்தாயா? "ஓவ், ஓவ்." இரவு வேலைக்கு வருவாயா? "ஓவ்." குடிப்பழக்கம் ஏதும் உண்டா? கண்ணைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்து, "ஓவ்!"

அம்மையார் எழுதிக்கொண்டே போனார். அந்தத் தாளின் தலையில் டிலானியின் பெயர் இருந்தது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. வத்தளை த்ரீவீல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்று ஹோன் அடித்தது.

அடுத்தது செய்முறை. தண்ணீர்க் கிளாசுகள் வைத்த ஒரு ட்ரேயை முகாமையாளர் காட்டினார். ஒரு கையில் தூக்கி, நிமிர்ந்து நடந்து வந்து பரிமாற வேண்டும். எனக்கு ட்ரே தூக்கத் தெரியாதா? அந்த வருடம் முழுக்க அம்மா எனக்கு அதைத்தானே பழக்கினா, பொம்பிளை பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோக! இரண்டு கையாலும் பிடித்தேன். தலையைக் குனிந்தேன். கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு அன்னநடை நடந்தேன். குனிந்த தலைக்கு மேசை எங்கே இருக்கிறது என்று தெரியுமா? முட்டினேன். கிளாசுகள் அத்தனையும் முகாமையாளரின் மடியில் போய்ச் சேர்ந்தன.

அவர் எழுந்து நின்றார். தண்ணீர் படக்கூடாத இடத்தில் பட்டிருந்தது. கருணை போன இடம் தெரியவில்லை. நல்லவேளை, எனக்கு அந்த முகம் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அப்போதுதான் டிலானி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கொண்டை கச்சிதம். ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள்.

"சேர், மே அப்பே மிஸ்" என்றாள். இவங்கதான் எங்கள் மிஸ்.

முகாமையாளர் என்னைப் பார்த்தார். என் நெஞ்சைப் பார்த்தார். நான் என்னை நம்புகிறேன். நான் சிரித்தேன்.

டிலானி மேசையிலிருந்த துணியை எடுத்து மரியாதையாக அவரிடம் கொடுத்தாள். உருண்ட கிளாசுகளை ஒரு சத்தமில்லாமல் பொறுக்கி ட்ரேயில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. இது என்ட இன்டர்வியூ. அழாம, சிரிச்சிக்கிட்டே போங்க."

வெளியே சுவரில் சாய்ந்துகொண்டு, தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். (அந்தத் தேவாலயத்து மாதாவையும் விடவில்லை.) உள்ளே முதலில் முகாமையாளரின் குரல் உயர்ந்தது. தாள் எழுதி முடிந்தது, நேரமும் முடிந்தது என்றாராம். "அந்தத் தாள் மிஸ்ஸோடது சேர். அவங்க பெயில், அது சரி. எனக்கு வேற தாள் எடுங்க" என்றாளாம் டிலானி. பிறகு அம்மையாரின் சிரிப்பு. அதற்குப் பிறகு முகாமையாளருடைய சிரிப்பும்.

வெளியே வந்தவள் சொன்னாள்: "என்னால முடியாதது என்னன்னு கேட்டாங்க. இங்கிலீஸ் தெரியாது, படிச்சுக்குவேன்னு சொன்னேன். தெரியாதுன்னு சொல்லிட்டேன் மிஸ், கோவிச்சுக்காதீங்க."

வேலை கிடைத்தது. மாமா முறுக்கிக்கொண்டு திரிந்தார். முதல் மாதச் சீருடையில் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அயலட்டைக்கெல்லாம் அவர்தான் "எங்க புள்ள" என்று காட்டினாராம். இன்றைக்கு அந்த விருந்து மண்டபத்துக்கு டிலானிதான் பொறுப்பு. கலியாணம் இப்போதைக்கு வேண்டாம் என்கிறாள். யாரும் தவணை கொடுப்பதில்லை, கேட்பதுமில்லை. சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனை மண்டபத்துக்கு வந்து, நான் நடத்திய அதே வகுப்பை இப்போது அவள் நடத்துகிறாள். புதுப் பிள்ளைகளுக்கு முதல் பாடம், என் கையில் ஒரு ட்ரேயைக் கொடுத்து நடக்கவிடுவது. "நல்லாப் பாத்துக்கங்க. இதுதான் மிஸ் ஸ்டைல். இப்புடித் தூக்கினா நேரா வீட்டுக்குத்தான்." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தலையைச் சரித்துக் கருணை காட்ட அங்கே யாரும் இல்லை. எனக்கு அந்த உத்தியோகம் நன்றாகப் பிடித்திருக்கிறது.

அம்மா அதற்குப் பிறகு என் கையில் ட்ரே தரவில்லை. என்னைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தபோது, "வீட்டில வேண்டாம், அந்தப் பிள்ளையின்ர ஹோட்டலிலயே சந்திப்பம். வாற மனிசர் நனையாமப் போகட்டும்" என்று சொல்லிவிட்டா. தேத்தண்ணி கொண்டுவந்தது டிலானி. கிளாசை வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் காதில் விழும்படி மெதுவாகச் சொன்னாள்: "மிஸ்ஸுக்கிட்ட கேள்வி கேக்கக்குள்ள பாத்துக் கேளுங்க சேர். பயந்தா எல்லாத்துக்கும் ஓம்னுதான் சொல்லுவாங்க."

அந்த மாப்பிள்ளையோடுதான் இப்போது குடித்தனம். வீட்டுக்கு ஆட்கள் வந்தால், தேத்தண்ணியை அவர் எழுந்து போய்க் கொண்டுவருவார். வந்தவர்கள் ஏன் என்று கேட்டால் முழுக் கதையையும் சொல்லி, கடைசியில் என் பக்கம் திரும்புவார்.

"அண்டைக்கு என்னைக் கட்டச் சம்மதமோ எண்டு கேட்டனான். ஓம் எண்டவ. கேள்வி விளங்கித்தான் சொன்னவவோ எண்டு எனக்கு இன்னும் சந்தேகம். சொல்லுமப்பா, விளங்கினதே?"

நான் அவருடைய கண்ணைப் பார்ப்பேன். வாய் நிறையச் சிரிப்பேன்.

"ஓவ், ஓவ்."