கவ்வாத்து மலையில் அளந்த வண்டி

மழை பட்ட வைக்கோலின் வாசம் எங்கிருந்து வந்தாலும் எனக்கு முதலில் காது சூடாகும். பிறகுதான் சிரிப்பு வரும்.

கல்யாணமான புதிது. மனைவியின் ஊர் இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அவளுடைய அண்ணன் ராசு மச்சான் கறவை மாடு வைத்திருந்தார். பனியில் புல் கருகும் மாதங்களில் கீழ்நாட்டிலிருந்து லொறியில் வைக்கோல் கட்டுகள் வரும். அவற்றை ரோட்டோரம் இறக்கி, தேயிலைக்கு நடுவே இறங்கும் பாதையில் தலைச்சுமையாகக் கொட்டகைக்குக் கொண்டுபோவார். ஹட்டனில் வாத்தியாராக இருந்த புது மாப்பிள்ளைக்கு (அதாவது எனக்கு) அது பொறுக்கவில்லை.

“ஒரு மர வண்டி செஞ்சு தாரேன் மச்சான்.”

“பாதையில அகலம் காணுமா மாப்பிள்ள?”

“கயிறு போட்டு அளந்தாச்சு.”

அளந்தது உண்மை. கீழே மூன்று கட்டு, அதன்மேல் குறுக்கே மூன்று, இப்படி நெஞ்சுயரம் வரை மாற்றி மாற்றி அடுக்கினால் சரியாது. அதற்கு நாலடி அகலத் தட்டு. பாதை அதற்கு மேலும் ஒரு சாண் விட்டுக்கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்த வேலை. பலகை காய்ந்து, சக்கரம் கிடைத்து, வண்டி எழுந்து நிற்பதற்குள் மாதங்கள் ஓடின.

நான் அளந்தபோது மலையைக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். தேயிலைச் செடிகள் வெறும் குச்சியாக நின்றன. பிறகு துளிர் விட்டது. அந்தத் துளிரைப் பற்றிக் கவிதைகூட எழுதினேன். அது என் பாதையை இரண்டு பக்கமிருந்தும் தின்றுகொண்டிருப்பது மட்டும் கண்ணில் படவில்லை.

வைக்கோல் வந்த அன்று மாடு கன்று போடும் தறுவாயில் இருந்தது. மேகமும் இறங்கிக்கொண்டிருந்தது. வைக்கோல் நனைந்தால் தீனியும் இல்லை, கன்றுக்குப் படுக்கையும் இல்லை. கோபுரமாக அடுக்கி, பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் மச்சானும் வண்டியை இறக்கினோம். பாதி மலையில், இரண்டு பக்கச் செடிகளுக்கும் நடுவே, ஆப்பு அடித்தது போல் அது நின்றது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. முதல் தூறல் என் மூக்கில் விழுந்தது.

கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் வழியில்லாமல் நின்றார்கள்.

“யாரு வண்டி இது?”

“வாத்தியாரு கட்டின தேரு, அக்கா. வடம் பிடிக்க ஆள் பத்தலையாம்.”

“ஐயோ, கொழுந்தெல்லாம் ஒடியுது! மலைய மேற்பாக்குற கண்டாக்கு ஐயா பாத்தா தேரோட சேத்து சாமியையும் எறக்கிருவாரு!”

சிரித்தபடியே இடுப்பில் கட்டியிருந்த, நனையாத படங்குத் துணியை அவிழ்த்தார்கள். வைக்கோல் கட்டுகளை அதனால் போர்த்தி, ஆளுக்கொன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டு மழையில் இறங்கினார்கள். நாலைந்து கட்டு நனைந்தது, மற்றதெல்லாம் தப்பியது. மறுநாள் காலை, காய்ந்த வைக்கோலில் கன்று படுத்திருந்தது. வண்டியை, அது நின்ற இடத்திலேயே மச்சான் வாள் போட்டு அறுத்து, துண்டு துண்டாக வெளியே எடுத்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் கட்டில் செய்தாலும் சட்டை தைத்தாலும் ஒரே கேள்விதான்: “அளவு கவ்வாத்து மலையில எடுத்ததா?”

போன மாதம் அந்த ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மச்சான் பஸ் நிற்கும் இடம் வரை வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்த மலை பச்சையாய், மேகம் போர்த்திக் கிடந்தது. பஸ் வந்தது. படியில் காலை வைத்தேன். மச்சான் என் வயிற்றையும் பஸ் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பாத்து ஏறுங்க மாப்பிள்ள. ஒங்களையும் கவ்வாத்து வெட்டி ரொம்ப நாளாச்சு.”